வலது கால்

என் பெரிய பெட்டிக்குள் தவளை இருந்தது.
குளத்துக் கதவுகள் திறந்த இரவு
கண்டாவளைக்கு வந்த வெள்ளம்
மூன்றாம் தட்டில் இருந்த அம்பிளிஃபயரையும் விடவில்லை.
திருவிழா, சாமத்தியவீடு, செத்தவீடு
எல்லாவற்றுக்கும் ஒரே வாடகை வாங்குகிற
தவநீதன் சவுண்ட்ஸ் நான்தான்.
ஒன்பது நாள் வெயிலில் காய்ந்த ஸ்பீக்கர்களை
லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு
தருமபுரம் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன்.

வந்தவர்கள் நான்கு பேர்.
எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில்
தோள்வரை மயிர் வளர்த்து, பெல்பொட்டம் போட்டு,
பாதிரியாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே
றொக் அடித்தவர்களாம்.
இப்போது ஒருவர் ரொறன்ரோ, ஒருவர் பாரிஸ்,
இருவர் கொழும்புத்துறையை விட்டு அசையாதவர்கள்.
நான்கு பேருக்கும் சேர்த்து
நல்ல முழங்கால் ஐந்து.

லீட் கிற்றார் றெக்ஸ் சவிரிமுத்து
ஊன்றுகோலை மைக் ஸ்ராண்டில் கொளுவினார்.
பேஸ் அடிக்கும் கனகலிங்கம்
மஞ்சள் குளிசை சாப்பாட்டுக்கு முன்னமோ பிறகோ என்று
பாரிசுக்கு ஃபோன் எடுத்தார்.
ட்ரம்ஸ் எமிலியானுஸ்
முதுகு சாய்கிற கதிரை கேட்டார்.
அதிபரின் கதிரை வந்தது.

டிக்கட், ஒரு பைக்கற் பால்மா.
வவுனியாவில் இருந்தெல்லாம் சனம் வரும் என்றார்கள்.
வெள்ளத்தில் வீடு போனவர்கள்
வகுப்பறைகளில் பாய் விரித்திருந்தார்கள்.
அவர்களுக்கு டிக்கட் இல்லை, நுளம்புத்திரி இருந்தது.

நாலு மணிக்கு எமிலியானுஸ்
பெரிய ட்ரம்மை மிதித்துப் பார்த்தார்.
தும்.
இன்னொரு தரம். தும்.

வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது கண்டேன்:
பருப்புச் சட்டிக்குள் அகப்பையைக் கைவிட்டு
ஒரு பெண் மேசைக்கடியில்,
தன்னைவிட உயர்ந்த மகனின் பிடரியை
நிலத்தோடு அமத்திப் பிடித்தபடி.
"அம்மா, அது மேளமணை" என்றான் அவன், வெட்கத்தோடு.
அவன் பிறந்தது அதற்குப் பிறகு.
எதற்குப் பிறகு என்று இங்கே ஒருவரும் விளக்குவதில்லை.

எமிலியானுஸும் கண்டார்.
குனிந்தார், மூச்சு வாங்கினார்,
பெடலைக் கழற்றிக் கதிரைக்குக் கீழே தள்ளினார்.
"விசரே உனக்கு? அடி இல்லாம என்ன றொக்?"
"கை ரெண்டும் கிடக்குதுதானே, றெக்ஸ்."

இரண்டு மணித்தியாலம் வாசித்தார்கள்.
றெக்ஸ் இரண்டாம் சரணத்தை மறந்து
முதலாவதையே மூன்று தரம் பாடினார்.
சின்னப் பெடியள் சேற்றில் குதித்தார்கள்,
பின்வரிசையில் ஒருவர்
பிள்ளையார் பாட்டுக் கேட்டுக் கேட்டுக் களைத்தார்.
என் இடப்பக்கப் பெட்டி நடுவில் கொப்பளித்தது,
வயிற்றில் இன்னும் தண்ணீர்.

மேடைக்குப் பின்னால் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது
எமிலியானுஸின் வலது பாதம்.
ஒவ்வொரு தாளத்துக்கும் எழும்பும்,
பெடல் இருந்த இடத்துக்கு மேலே
ஒரு விரற்கடை உயரத்தில் நின்றுவிடும்.
ஐம்பது வருடப் பழக்கத்தை
அந்தரத்தில் பிடித்துவைத்திருந்தார் மனுசன்.
கடைசிப் பாட்டில் தொடை நடுங்கியது.

ஆயிரத்து நூற்று நாற்பது பைக்கற்.
பதினாலு திகதி முடிந்தது.

சனம் சோற்று வரிசைக்குப் போனபின்
அந்தப் பெண் பிளேன்ரீ கொண்டுவந்தாள்.
"இந்தப் பெரிசை ஏன் பிறகு அடிக்கேல்லை?"
"பழுது, பிள்ளை."
"பின்னேரம் அடிச்சியளே."
பொய்க்குப் பழகாத கிழவன்
கதிரைக்குக் கீழே தடவிப்
பெடலை எடுத்துப் பூட்டினார்.
ஈரச் செருப்போடு காலை வைத்தாள்.
சத்தம் வரவில்லை.
பிறகு உதைத்தாள். தும்.
தோல் அதிர்ந்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.
"இதுக்குப்போய்" என்றாள்,
யாரிடம் என்று தெரியவில்லை.
சட்டி கழுவப் போய்விட்டாள்.

வாடகை வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன்,
டீசலுக்கு மட்டும் வாங்கினேன்.
திரும்பும்போது முல்லைத்தீவு வீதியில்
வெள்ளம் தின்ற குழிகள்.
ஒவ்வொன்றிலும் பின்பெட்டியில் பெரிய ஸ்பீக்கர்
விழுந்து எழும்பியது.
இருபக்கமும் தறப்பாள் கொட்டில்கள், விளக்கில்லை.
கியரைக் குறைத்து
நடைவேகத்தில் ஓட்டினேன்.